கடல் நடுவிலும் பெரட்டு உண்டு

சொந்த வீட்டுக்குப் போனதையெல்லாம் பயணக் கட்டுரை என்று எழுதுவாயா என்று கேட்காதீர்கள். வளைகுடாவில், கரையே தெரியாத ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து டயகம தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வருவது சின்னப் பயணமா என்ன? அங்கே பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. போன மாதம் விடுமுறையில் வந்தேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டிருந்தார்கள். அம்மாவோ போனில் ஒரே பிடியாக, "போதும் புள்ள, வந்துரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹட்டனிலிருந்து டயகம பஸ்ஸில் தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியாக இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வளைவுகளில் வயிறு கலங்குகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துவிடுங்கள். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ, அறுநூறு ரூபாய். என் வேலையைக் கேட்டதும் ஓட்டிய அண்ணன் விடவில்லை.

"கடலுக்கு அடியில எண்ணெ எடுத்து என்னா தங்கச்சி பெருசா கெடைக்குது?"

"அந்த நாட்டு ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதுலதாண்ணே ஓடுது. தோண்டி எடுத்து கொழாயில கரைக்கு அனுப்புறோம். நம்ம நாட்டுக்குத் தேயிலை எப்புடியோ, அப்புடி."

"அப்ப நம்மளும் லேசுப்பட்ட ஆளுங்க இல்ல!" நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். காசு மட்டும் குறைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவோடு பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலை தொடங்குமுன் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் அது. பேர் கொடுத்துவிட்டு கொழுந்து எடுக்கும் மலைக்கு ஏறும்போது அம்மா மனதில் கிடந்ததைக் கொட்டினார்.

"இங்க ஒரு ஆளு கொறஞ்சாலும் தெரிஞ்சுபோகும். அங்க நடுக்கடல்ல நீ இல்லைன்னா யாருக்குத் தெரியும்?"

"அங்கயும் பெரட்டு இருக்கும்மா. ஆபத்துன்னு சங்கு ஊதுனா, கையில இருக்கிற வேலையப் போட்டுட்டு எல்லாரும் ஒரே எடத்துல வந்து நிக்கணும். கடைசி ஆளு வர்ற வரைக்கும் விடமாட்டோம்."

"தொரமாருமா?"

"அவங்களுந்தான்."

"பேரு யாரு கூப்பிடுறது?"

"நான்தாம்மா."

அம்மா முன்னால் போன பெண்களைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், கேட்டீங்களாடி? அங்க தொரமாரு பேர எம் மக கூப்பிடுறாளாம்!" எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், மதியத்துக்குப் பிறகு பனி மூடிவிடும். கொழுந்து எடுப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ப்ளேன்டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நம் நாட்டு மன்னார்க் கடலிலும் எரிவாயு இருக்கிறது, இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை என்று விடுமுறை முடிந்து கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட வந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப போயி நல்லாக் கத்துக்கிட்டு வா," என்றார். "நம்ம கடல்ல எடுக்கிறப்பவும் நீதான் பேரு கூப்பிடணும்."