கடைசி நாற்காலிக்கு ஒரு மதிப்பெண்

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள். என் முகராசி அப்படி. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் இல்லை; சனிக்கிழமை காலை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

ஆரம்பித்துவைத்தவன் நானேதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நான். அன்று கடைசித் தேர்வு. பதினொரு வினாத்தாள்களின் மேலும் என் காபியை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தேன். மேலிடத்துக்குத் தெரிந்தால் தொலைந்தேன். அதனால், ஏதோ மாதக்கணக்கில் யோசித்தவன் போல, இன்று வாய்மொழித் தேர்வு என்று அறிவித்துவிட்டேன்.

எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். நான் ஸ்கேலால் காட்டுவதற்கு ஹி, ஷி, இட் மூன்றில் பொருத்தமானதைச் சொல்ல வேண்டும். பத்துக் கேள்வி, பத்து மதிப்பெண்.

10.05-க்கு லாரி ஓட்டும் அண்ணன் வந்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்த அவருடைய லாரியைக் காட்டினேன். ஷி என்றார். வண்டிக்கு இட் என்றுதானே சொல்லிக்கொடுத்தேன் என்றேன். நாலு வருஷமாக அவளல்லவா சோறு போடுகிறாள் என்றார். மனசு கேட்காமல் அரை மதிப்பெண் போட்டேன். அடுத்து வந்த சமையல்காரர், மதில்மேல் படுத்திருந்த பூனையை ஹி என்றார். தன் சமையலறையில் மீன் திருடுகிறவன் அவன்தானாம். முழு மதிப்பெண்.

பத்தாவது கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். கடைசி வரிசையில் சுவரோரமாக இருந்த காலி நாற்காலி. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

லாரிக்காரர் ஷி என்றார்.

சமையல்காரரும் ஷி என்றார்.

குழாய் ரிப்பேர்க்காரர், பேக்கரிப் பெண், தையல்காரம்மா... பதினொரு பேரும், சொல்லிவைத்தாற்போல, ஷி. வாத்தியாரைக் கலாய்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவரிடமும் அந்த நாற்காலியை ஸ்கேலால் தட்டித் தட்டி, “இட்... இட்...” என்று திருத்தினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. குழாய்க்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

12.20-க்கு, முந்தைய தேர்வுகளின் மதிப்பெண்ணோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். தேறுவதற்கு நாற்பது வேண்டும். பத்துப் பேர் தாண்டிவிட்டார்கள். தையல்காரம்மாவுக்கு முப்பத்தொன்பது. திங்கட்கிழமை சான்றிதழ் காட்டினால்தான் மருத்துவமனைத் துணிப்பிரிவில் அவருக்கு வேலை. வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர், படிக்கிற வயதில் இரண்டு பெண்கள்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டேன்.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. இட்னு சொல்லுங்க, மார்க்கைப் போட்டுடறேன்.”

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னை. கண்ணில் நீர் முட்டியது.

“வேண்டாம் சார்.”

“வேலை போயிடும்மா.”

“போனாப் போகட்டும் சார்.”

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. குழாய்க்காரர் தாமதமாக வரும் நாளெல்லாம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேதான் பாடம் கேட்பார். இந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பதினொரு பிரதி எடுத்துவந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர், ஒன்று குறையுதே சார் என்பார். அறையைப் பெருக்குகிற அம்மா இந்த நாற்காலியை மட்டும் நகர்த்தியதே இல்லை. சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்...

மணி 12.34.

பயம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உள்ளங்கை மட்டும் மரத்துப்போயிருந்தது. ஸ்கேல் கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

பேனாவை எடுத்து, முப்பத்தொன்பதை அடித்து, நாற்பது என்று எழுதினேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

“இப்பவாவது சொல்லுங்கம்மா. அங்க என்ன இருக்கு?”

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். குரல் தாழ்ந்துவிட்டது.

“உங்க வீட்டம்மான்னு நெனச்சோம் சார். மொத நாள்லேருந்து உங்க பின்னாடியேதான் வர்றாங்க. வகுப்பு முடிஞ்சதும் உங்க பின்னாடியேதான் போறாங்க. நீங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க. புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்குன்னு யாரும் கேக்கல.”

“எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா.”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

டக்... டக்...

வாசல்வரை போனார். நின்றார். அந்தப் பக்கம் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

“இத்தனை நாளும் தலையைக் குனிஞ்சேதான் உக்காந்திருப்பாங்க சார். மூஞ்சியே தெரியாது. இன்னிக்கு நீங்க குச்சியால தட்டி இட்டுன்னீங்க பாருங்க... அப்பதான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தாங்க.

“இன்னும் குனியல.”