போட்டுக்கு ஆகாதவள்

எனக்கு ராசி கிடையாது என்பது எங்கள் குடும்பம் ஜாதகம் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை. ஒரு மோட்டார் போட்டின் இஞ்சினைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதுவும் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்ததற்காக ஒரு பிள்ளையின் தலையில் இப்படி ஒரு பட்டத்தைக் கட்டிய கொடுமை வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

சித்தப்பா போடியில் ஓர் ஏலத்தோட்ட முதலாளிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டம் மலைக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டி, ஆனையிறங்கல் அணைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது. சித்தப்பாவும் சித்தியும் அங்கேயே முதலாளி கொடுத்த தகரக் கூரை வீட்டில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா எங்கள் தொல்லை தாங்காமல் அண்ணனையும் என்னையும் அந்த ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிடுவாள்.

அந்தக் காலத்துப் பெட்ரோல் ஜீப்புகளுக்கு ஒரு சீக்கு உண்டு. போடி வெயிலில் கிளம்பி, லோடு ஏற்றிக்கொண்டு மெட்டு வளைவுகளில் ஏறும்போது பெட்ரோல் பம்பு சூடேறி, பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி, வண்டி திணறி நின்றுவிடும். மலை டிரைவர்கள் அதற்கு வைத்திருந்த வைத்தியம் ஈரத்துணி. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் போடுவதுபோல் பம்பைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி, அங்கங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் ஜீப்பில் அது சித்தப்பாவின் பழைய வேட்டிக் கிழிசல். நிறுத்துகிற இடத்தில் குதித்து இறங்கி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதை நனைப்பது என் சோலி. அண்ணன் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.

"ஒரு பொட்டுக்கூட காயக் கூடாது ஆத்தா" என்பார் சித்தப்பா. நானும் காயவிட்டதில்லை.

அந்த வருஷம் முதலாளி ஒரு போட்டு வாங்கினார். பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்த வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. மீன் பிடிக்க இல்லை, சாமான் ஏற்ற இல்லை, சும்மா தண்ணீரில் ஒரு சுற்று சுற்றிவர. மெத்தை வைத்த சீட்டுகள், நடுவில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் கார் இஞ்சின்போல ஓர் இஞ்சின். அதை யார் ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை. இஞ்சின் என்றால் டிரைவர், டிரைவர் என்றால் சித்தப்பா. அவருக்கு நீச்சல் தெரியுமா என்று முதலாளியும் கேட்கவில்லை, தெரியாது என்று சித்தப்பாவும் சொல்லவில்லை.

மரப்பெட்டியைத் திறந்ததும் சித்தப்பா செய்த முதல் காரியம், பம்பு எங்கே இருக்கிறது என்று தேடி ஈரத்துணியைக் கட்டியது. சுற்றிலும் கை வைத்தால் விறைக்கிற தண்ணீர், மேலே மலைக்காற்று, ஏறுவதற்கு மேடு என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் கட்டினார். துணி கட்டாமல் இஞ்சினைக் கிளப்புவது அவருக்கு வேட்டி கட்டாமல் தெருவில் இறங்குவதைப்போல. செம்பு மறுபடியும் என் கைக்கு வந்தது.

அக்கரையில் சாயங்காலம் யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும். இக்கரையிலிருந்து பார்த்தால் எருமைக்கன்று அளவுக்குத்தான் தெரியும். போட்டு சரியாக ஓட ஆரம்பித்ததும் கிட்டே கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சித்தப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த விடுமுறையில் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

ஆனால் போட்டு சரியாக ஓடவில்லை. கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் 'டுப், டுப்' என்று ஒன்று விட்டு ஒன்று அடித்து, உடம்பெல்லாம் உதறி, நிற்கப் போகிறேன் என்று மிரட்டும். சித்தப்பா அதை 'மிஸ்ஸிங்' என்பார். சில நேரம் தானாகவே சரியாகிவிடும். சித்தப்பா பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பெட்ரோலை இறக்கித் துணியில் வடிகட்டினார். கார்புரேட்டரைப் பிரித்து வாயால் ஊதினார். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அண்ணனை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வருவார், ஓட்டம் அருமையாக இருக்கும். "தீந்துச்சு கோளாறு" என்று என்னையும் ஏற்றுவார். நான் செம்போடு உட்கார்ந்து என் சோலியைப் பார்ப்பேன். மறுபடியும் டுப், டுப்.

அண்ணன் போகும்போது செம்பு அவனிடம்தான் இருக்கும். கரையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரியும், அவன் ஒருநாளும் துணியை நனைத்ததில்லை. செம்பைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் தாளம் தட்டிக்கொண்டே போவான். சித்தப்பா முன்னால் பார்த்து ஓட்டுகிறவர், அவருக்கு எங்கே தெரியும்? சொன்னால் கோள்மூட்டி என்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

இதற்கிடையில் முதலாளி ஒரு குண்டைப் போட்டார். அவர் மகளைத் தேவாரத்துப் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், போட்டில் ஏற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். "நடுத்தண்ணியில நின்னு மானத்த வாங்குச்சுன்னா, நீ அப்படியே மெட்டு எறங்கி ஊருக்குப் போயிரு" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலை போனால் வீடும் போகும். சித்தி அப்போது மாசமாக இருந்தாள். சித்தப்பா அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் நான் போட்டில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் வாயைத் திறந்தான்.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லவா? இவ ஏறுனாத்தான் மிஸ்ஸிங் அடிக்குது."

"போண்ணே, கூறுகெட்டுப் பேசாத" என்றேன். சித்தப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ கணக்குப் போட்டார்.

"எறங்கு ஆத்தா, பாப்போம்."

இறங்கினேன். போட்டு தையல் மிஷின்போல ஒரே சீராக ஓடிப் போய்த் திரும்பி வந்தது. அண்ணன் செம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு என்னை ஏறச் சொன்னார்கள். ரோஷத்தில் நான் வழக்கத்தைவிட இரண்டு செம்பு கூடவே ஊற்றினேன். என் சோலியில் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது பாருங்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. இஞ்சின் அதுவரை அடிக்காத அடி அடித்து நின்றேவிட்டது.

"பாத்தீங்களா? நாஞ் சொல்லல?" என்றான் அண்ணன்.

"நான் என்ன செஞ்சேன்? தண்ணிதானே ஊத்துனேன்!" என்று கத்தினேன். என் கத்தலை யாரும் காதில் வாங்கவில்லை. பிளக்கு, பெட்ரோல், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த சித்தப்பா, கடைசியாக என்னைக் கழற்றிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். சித்தி என் தலையைத் தடவி, "மனசுல வச்சுக்காத தங்கம், சில பேருக்குச் சில வஸ்து ஆகாது, அவ்ளோதான்" என்றாள். திட்டியிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். தப்பே செய்யாதவளை எதற்கு மன்னிக்கிறாள்?

விருந்தாட்கள் வந்த அன்று நான் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. நான் கேட்கவில்லை. யானையைப் பார்க்கத்தான் விடவில்லை, யானையைப் பார்க்கப் போகிறவர்களைப் பார்க்கவும் கூடாதா? சித்தி அடுப்படிக்குப் போன நேரத்தில் நழுவி, கரையில் நின்ற ஜீப்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

முதலாளி, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா எல்லோரும் ஏறினார்கள். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, செம்போடு இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தான். போட்டு அழகாகக் கிளம்பியது. அன்றைக்குச் சித்தப்பாவுக்கு இருந்த பயத்தில் அவர் முன்னால் மட்டும் பார்க்கவில்லை. "ஊத்துடா... வெரசா ஊத்துடா" என்று அவர் திரும்பித் திரும்பி அதட்டுவது எனக்குக் கரை வரைக்கும் கேட்டது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது செம்பில் தாளம் தட்ட முடியுமா? அந்த விடுமுறையிலேயே முதல் தடவையாக அண்ணன் வேலை செய்தான்.

நடுத்தண்ணீரில் போட்டு இருமியது. உதறியது. நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. நான் என்னை மறந்து ஜீப்புக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து தண்ணீர் ஓரத்தில் நின்றேன். சித்தப்பா பெட்டியைத் திறந்து குனிந்தார். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு கையை உள்ளே விட்டு என்னவோ செய்தார், மேல்துண்டால் எதையோ துடைத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்த இஞ்சின் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பிசகாமல் வந்து கரையில் சேர்ந்தது.

"என்னாப்பா கோளாறு?" என்றார் முதலாளி. குரலில் கோபம் இருந்தது. விருந்தாட்களும் சித்தப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் என்மேல் விழுந்தது.

"அந்தா நிக்கிது பாருங்க மொதலாளி, எங்க அண்ணன் மக. அது ஏறுனாலே இஞ்சினுக்கு ஆக மாட்டேங்குது. இன்னிக்கு வராதன்னு சொல்லித்தான் வச்சிருந்தேன், கரையில வந்து நின்னுருச்சு."

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சில புள்ளைக அப்படித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி சிரித்துவிட்டார். "இத மொதல்லயே சொல்ல வேணாமாப்பா" என்று சித்தப்பாவின் தோளில் தட்டிவிட்டு விருந்தாட்களைச் சாப்பிடக் கூட்டிப்போனார். வேலை தப்பியது, வீடு தப்பியது, சம்பந்தமும் கூடிவந்தது. நான் மட்டும் அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் அழக்கூட முடியாமல் நின்றேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சித்தப்பாவின் காக்கிக் கால்சட்டை, பையிலிருந்து தொடை வரைக்கும் நனைந்திருந்தது. ஈரம் கணுக்கால் வரை வழிந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். சட்டென்று கையால் மறைத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. பாவம், நீச்சல் தெரியாத மனிதர், நடுத்தண்ணீரில் முதலாளிக்குப் பயந்து நனைத்துக்கொண்டார் என்று நினைத்தேன். எனக்கு அது அண்ணனின் பரீட்சைக் காலங்களில் பார்த்துப் பழகிய விஷயம். வெளியே தெரிந்தால் சித்தப்பா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? அன்று சாயங்காலம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கடலைமிட்டாயைக் கையில் திணித்தார்.

"ஆத்தா, நீ பாத்தத யார்ட்டயும் சொல்லலேல்ல?"

"சொல்ல மாட்டேன் சித்தப்பா. சத்தியமா."

அவர் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் எனக்கென்று தனியாக எதையாவது வாங்கி வருவார். ராசியில்லாத பிள்ளைமேல் சித்தப்பாவுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஊரே அவரை மெச்சியது. போட்டும் அதற்குப் பிறகு ஒருநாளும் மிஸ்ஸிங் அடிக்கவில்லை. நான்தான் பக்கத்திலேயே போகவில்லையே! அண்ணன் புது மோட்டார்சைக்கிளுக்குப் பூஜை போட்ட அன்று அம்மா என்னைக் காலையிலேயே ராசிங்காபுரத்துக்கு ஒரு வேலையாக அனுப்பிவைத்தாள். என்னைப் பெண் பார்க்க வந்த ஓர் இடம் 'அந்தப் போட்டு விஷயத்தை' எங்கேயோ கேள்விப்பட்டுத் திரும்பிப் போனது. அக்கரை யானைகளை நான் இன்றுவரை கிட்டே பார்த்ததில்லை.

நான் வேலைக்குப் போய் ஒரு மொபெட் வாங்கிய பிறகு ஒரு மழைநாளில் அது டுப், டுப் என்று அடித்து நின்றது. மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் பிளக்குப் பக்கம் துணியால் ஒரு துடை துடைத்துக் கிளப்பிக் கொடுத்தார். "கரண்டு போற எடத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும்க்கா, மிஸ்ஸிங் அடிக்கும்" என்றார். நான் அந்தக் கடையிலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பில் பம்பு கீழே இருக்கும், நனைத்த தண்ணீர் ரோட்டில் சொட்டிவிடும். போட்டில் பம்பு மேலே இருந்தது. அதற்கு நேர் கீழே, பிளக்குக்குக் கரண்டு அனுப்புகிற கம்பிச்சுருள், 'காயில்' என்பார்கள். நான் ஊற்றிய ஒவ்வொரு செம்புத் தண்ணீரும் அதன் தலையில்தான் விழுந்திருக்கிறது.

நடுத்தண்ணீரில் குனிந்தபோதே சித்தப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. துணியை அவிழ்த்துப் பையில் ஒளித்துக்கொண்டுதான் கரைக்கு வந்திருக்கிறார். சொட்டியது அந்தத் துணி. நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்தும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நம்பித்தான் அத்தனை வருஷமும் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நானோ அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அண்ணன் என்னைப் போட்டுக்கு ஆகாதவள் என்று கேலி செய்தபோதெல்லாம் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன்.

பெரியவர்களும் பயந்தால் நனைத்துக்கொள்வார்கள் என்பதுவரை அந்த வயதில் எனக்குப் புரிந்திருந்தது. பயந்தால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பிடித்து முன்னால் நிறுத்திக்கொள்வார்கள் என்பது புரியவில்லை.