கறுப்புக் காளைக்கு ஒரு கோடை

வெயில் கொளுத்தும் சாக்கோ சமவெளியில் மாட்டுப்பண்ணை நடத்தும் செல்சா ஒவியேதோ யாரையும் லேசில் நம்பமாட்டாள். வியாபாரி இந்தலேசியோ குளிரான தெற்குப் பக்கத்திலிருந்து மினுமினுக்கும் கறுப்புக் காளையொன்றைக் கொண்டுவந்தான்.

"கறிக்கு இதைவிட நல்ல ஜாதி கிடையாதுக்கா. உண்ணியே அண்டாது."

அவள் காளையின் தொடையிடுக்கைத் தடவிக் கையை முகர்ந்தாள்.

"மருந்தடிச்சுக் கூட்டிட்டு வந்தா எப்படிய்யா அண்டும்? கோடை முடியறவரைக்கும் இங்க நிக்கட்டும், அப்புறம் வாங்கறதப் பத்திப் பேசலாம்."

"அதுக்குள்ள உங்க பசுவெல்லாம் ஓசியில சினையாயிடுமே!"

"பசுவை வேற வேலிக்குள்ள விடறேன், போதுமா?"

அவனும் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து எட்டிப் பார்ப்பான்.

கோடையில் அவளுடைய வெள்ளைத் திமில் மாடுகள் உச்சிவெயிலிலும் மேய்ந்தன. கறுப்புக் காளையோ குட்டையில் இறங்கி நின்று மூச்சிரைத்தது. காதெல்லாம் உண்ணி, விலா எலும்பு தெரிந்தது. பார்க்கப் பொறுக்காமல் செல்சாவே அதற்கு மருந்து பூசினாள்.

"பட்டினி போட்டுட்டீங்க" என்றான் கோடை முடிவில் வந்த இந்தலேசியோ.

"அதே புல்லைத்தான் இதுங்களும் தின்னுச்சு. பாரு."

கொழுத்த வெள்ளை மாடுகளைப் பார்த்தவன் காளையை லாரியில் ஏற்றினான். வண்டி கிளம்புமுன் செல்சா மேலே ஏறி, உள்ளே தன் கன்று எதுவும் இல்லையே என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.