அம்மா தெலுங்கில் சொன்ன சாட்சி

எங்கள் அம்மா கண்மூடி இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நாளில் எங்களோடு வந்து விளக்கேற்றும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். அம்மாவைப் பற்றி எழுதினால் ரத்தத்தைப் பற்றியும் எழுத வேண்டும். மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

பழவேற்காட்டுக்கு வடக்கே, தெலுங்கு பேசும் மீனவக் குப்பம் ஒன்றில் அம்மா பிறந்தார். காலராவில் பெற்றோர் இருவரும் போய்விட, அவருடைய அண்ணன், அதாவது எங்கள் மாமா, தங்கையைத் தோளில் சுமந்து ராயபுரம் வந்து சேர்ந்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று அம்மா வளர்ந்தார். துறைமுகத்தில் கரி இறக்கும் தொழிலாளியான எங்கள் அப்பாவை மணந்தார். அப்பா தமிழர்.

மீன் விற்கும் இடத்தில் அம்மாவின் தமிழுக்கு எதிரே யாரும் நிற்க முடியாது. "இன்னா நைனா, தொட்டுத் தொட்டுப் பாத்துகினே கீறே? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி நடையக் கட்டு!" என்பார். அதே அம்மா மாமாவிடம் தெலுங்கில் பேசும்போது குரல் தாழ்ந்து சிறுமியாகிவிடுவார். கணக்குப் போடுவதும் அழுவதும் தெலுங்கில்தான். அந்த மொழியில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

உலக யுத்தம் முடிந்த சமயம், கரி இறக்குவோர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அப்பா முன்னே நின்றார். ஒரு மழைநாள் மத்தியானம், முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்ட நால்வர் எங்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டு, இரும்புக் கம்பிகளால் அடித்தார்கள். தடுக்க ஓடிய அம்மாவை ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மண்டை சுவரில் மோதி அம்மா விழுந்தார். தம்பியும் நானும் பள்ளியிலிருந்து வந்தபோது சாக்கடையில் மழைநீரோடு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஒருவனும் அவனுடைய ஆட்கள் இருவரும் கைதானார்கள். நான்காவது ஆள் யாரென்று தெரியவில்லை. வழக்கு நடந்த நாளெல்லாம் அம்மாவை ரிக்‌ஷாவில் அழைத்துப் போனவர் மாமாதான்.

அம்மா தமிழில் சாட்சி சொன்னார். கம்பி, அடி, ரத்தம் எல்லாவற்றையும் கண்ணீரில்லாமல் சொன்னார். "ஒருத்தன் என்ன உள்ள போன்னு சொல்லித் தள்ளிட்டான்" என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "புருஷன் செத்ததை மீன் விலை சொல்வதுபோலச் சொல்கிறாள். யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் இது" என்றார்.

சாட்சியின் தாய்மொழி தெலுங்கு என்று அறிந்த நீதிபதி, தெலுங்கு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். தள்ளியவன் சொன்ன சொற்களை அப்படியே சொல்லும்படி கேட்டார்.

அம்மா தெலுங்கில் தொடங்கினார். கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். "லோபலிகி போ செல்லி, நுவ்வு சூடொத்து." உள்ளே போ தங்கச்சி, நீ பார்க்காதே. பிறகு மெல்லத் திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார்.

"நுவ்வேனா அன்னா?"

நீதானா அண்ணா என்றுதான் கேட்டார். மாமா பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்து அம்மாவின் கழுத்தை இரு கைகளாலும் நெரித்தார். போலீஸார் தடியால் அவர் மணிக்கட்டை உடைத்த பிறகே பிடி விட்டது. நானும் அந்த அறையில் இருந்தேன். அன்று கம்மிய அம்மாவின் குரல் கடைசிவரை தெளியவில்லை.

மற்ற மூவரோடு மாமாவுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. உறவினர் சிலர், "கூடப் பொறந்தவனையே தின்னுட்டா" என்று ஏசி எங்கள் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர்களில் சிலர் இதைப் படிக்கக்கூடும். படிக்கட்டும். தம்பியை வெளியே இழுத்தபோது அம்மாவின் கை முழங்கைவரை வெந்தது. நாங்கள் திருவொற்றியூருக்குக் குடிபெயர்ந்தோம். அதன்பின் அம்மா தெலுங்கு பேசவில்லை. கருவாடு விற்றுத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்.

தமிழில் சொன்னபோது மாமாவின் குரல் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"தமிழுல சொல்லச்சொல்ல வேற யாருக்கோ நடந்த மாறி இருந்துச்சி கண்ணு. தெலுங்குல வாயத் தொறந்தேன், அந்த மயத் தண்ணி எம்மேல வுயுந்துச்சி. அவன் கொரலும் கூடவே வந்துடுச்சி."

மாமா சிறையில் நோயுற்றுத் தங்கையைக் காண விரும்புவதாகச் செய்தி வந்தது. அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா தெலுங்கில் அழுதார்.

"தெலுங்கு வோணாம்" என்றார் அம்மா. "இன்னா செஞ்சேன்னு தமிழுல சொல்லு. அப்பத்தான் என்னால நின்னுகினு கேக்க முடியும்."

மாமா தடுமாறித் தமிழில் சொன்னார். "மேஸ்திரி காசு குடுத்து கால ஒடைக்கத்தான் சொன்னான். நான் மொத அடியே தலையில போட்டுட்டேன்."

அம்மா முழுவதையும் கேட்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. வெளியே வந்து சிறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

மாமா சிறையிலேயே இறந்தார். அடுத்த மழைக்காலத்தில் அம்மாவும் நெஞ்சுச்சளி முற்றி, தம்பியின் கையைப் பிடித்தபடி எங்களை விட்டுப் போனார்.

கூரைமேல் ஏறித் தீயை அணைத்த அண்டை வீட்டார்க்கும், நீதிமன்றத்தில் ஒரு சொல்லையும் விழுங்காமல் மொழிபெயர்த்த பெரியவர்க்கும், ஆஸ்பத்திரியில் அம்மாவின் தலையைத் தாங்கிய நர்ஸுகளுக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கன்று மாமாவின் மகள் யாருக்கும் சொல்லாமல் தனியே வந்து, வாசலில் நின்று தெலுங்கில் அழுதாள். பதில் சொல்ல வாய் திறந்தேன். எனக்குத் தமிழ்தான் வந்தது. "வா, வந்து எம்பக்கத்துல உக்காரு" என்றேன். வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் எங்கள் நன்றி.