தானாக நகர்ந்த கோடு

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: சேட், எங்கள் முதலாளி. கணினியைச் சரிசெய்ய வந்த கோயம்புத்தூர்க்காரத் தம்பி, நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவர். நான், பேக்கிங் வேலை. என் மனைவி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கோந்த்வாவில், வீட்டில், போனில் இருந்தாள். அவளையும் சேர்க்க வேண்டும். வேலை அவளுடையது.

ரஞ்சன்காவில் எங்கள் பட்டறை பிளாஸ்டிக் மூடிகளுக்கு அச்சு செய்கிறது. அதற்குக் கணினியில் டிராயிங் போடுவது அவள். நான் எட்டாவதோடு நின்றவன். சிறுநீரகம் போன பிறகு அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவ்வளவு தூரம் வண்டியில் வர முடியாது. டிராயிங் போடும் சாஃப்ட்வேர் பட்டறைக் கணினியில்தான் ஓடும். அந்தத் திரையை வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பில் கொண்டுவரலாம் என்றார் தம்பி. சேட் ஒரு மாதம் தந்தார். வேலை வந்தால் அவள், வராவிட்டால் வேறு ஆள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கம்பெனிகளின் டிராயிங் வெளியே போய்விடுமோ என்றுதான் அவருக்குப் பயம்.

“சாவி அக்கா லேப்டாப்புல மட்டுந்தானுங்க இருக்கு,” என்றார் தம்பி. சாவி என்றது ஒரு ஃபைலை. “பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் வேற ஆளு உள்ள வர முடியாதுங்க. வழியில போறது பூராப் பூட்டித்தான் போகுது.” அதையே இந்தியில் சேட்டுக்குச் சொன்னார்.

முதலில் அவளுக்குச் சாம்பல் நிறத் திரை வந்தது. நடுவில் ஒரு பெருக்கல் குறி.

“ஒண்ணும் இல்ல தம்பி. பூசாத சுவரு மாதிரி இருக்கு.”

“அது வேற ஒரு காலித் திரைங்கக்கா. மாத்தறேன்.”

மாற்றினார். எங்கள் முன்னால் இருந்த திரையில் ஒரு கோடு தானாக நகர்ந்தது. மவுஸை யாரும் தொடவில்லை. சேட் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

“பூத் ஹை க்யா, அண்ணா?” என்று என்னைக் கேட்டார். பேயா என்று.

என் வீட்டுக்காரி என்றேன்.

அதைத்தானே கேட்டேன் என்றார். போனில் அவள் சிரித்தாள்.

சேட் சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டுவார். பக்கத்து ஷெட் ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்ததிலிருந்து அப்படி. ஆள் இல்லாத இடத்தில் கரண்ட் இருக்கக் கூடாது. மெயின் இறங்கினால் கணினியும் இல்லை. அவள் எழுந்து உட்காருவதே சாயங்காலம் ஐந்து மணிக்கு. டயாலிசிஸ் இல்லாத நாளிலும் அப்படித்தான்.

கணினிக்குத் தனி வயர் இழுக்கலாம் என்றார் தம்பி. சேட் கேட்கவில்லை. அவர் இடத்தில் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆள் இருந்தால் சரிதானே, நான் இருக்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பிறகு நானும் அந்தத் திரையும். கோடு வரும். அழியும். மறுபடி வரும். வளைவில் மெதுவாகும். அவள் கை என்று தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை கோடு பாதியில் நின்றது. அம்பு அங்கேயே இருந்தது. கணினிதான் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு போன் அடித்தேன். எடுக்கவில்லை. தம்பிக்கு அடித்தேன். அவர் ஆபீஸில் இருந்தார். மெயினை இறக்கிப் பூட்டிவிட்டு, நகர் ரோடு ஹைவேயில் லாரி பிடித்தேன்.

வீட்டில் தரையில் சாய்ந்து கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். லேப்டாப் திறந்தே இருந்தது.

“சேவ் பண்ணலீங்க,” என்றாள்.

துடைத்துவிட்டேன். தண்ணீர் கொஞ்சம்தான் கொடுக்கலாம். கொடுத்தேன்.

“நாளைலேர்ந்து நீங்க அங்க உட்காராதீங்க. இங்க வந்து உட்காருங்க.”

“நான் அங்க இல்லேன்னா இது ஓடாது.”

“தெரியுது. வந்து உட்காருங்க.”

மறுநாள் ஆறு மணிக்கு சேட் மெயினை இறக்கினார். நான் வண்டியில் ஏறினேன். அதன் பிறகு அவளுக்குக் கிடைத்தது நாளைக்கு ஒரு மணி நேரம். முடிந்த நாளில் அது. நான் வீடு சேரும்போது லேப்டாப் மூடியிருக்கும். எவ்வளவு ஆச்சு என்று நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

மாதக் கடைசியில் சேட் என்னைக் கணினி முன் கூப்பிட்டார். உடம்பு நன்றாக இருந்தபோது அவள் மாதத்துக்கு இருபது டிராயிங்குக்குக் குறையாமல் போடுவாள். முடிந்ததை மட்டும் எண்ணுங்கள் அண்ணா என்றார் சேட். திரையைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

எண்ணினேன்.

மூன்று.