எந்தக் கொப்பில் பறிப்பது

தொனாத்தா இலை பறிக்கும் வேலையில் சேர்ந்தது நாற்பத்தோராம் வயதில். அதற்கு முன் பதினெட்டு வருடம் ஆலையில் எண்ணெய்ப் புட்டிகளுக்கு மூடி போட்டாள். தெற்கு இத்தாலியின் கடலோரத்தில் இருக்கும் அந்தச் சின்ன நகரத்துக்கு ஆலிவைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. ஒரு காலத்தில் அதன் எண்ணெய் கப்பலேறிப் போய் வடக்கே தெருவிளக்குகளில் எரிந்தது. துறைமுகத்து மாடிவீடுகள் அந்தக் காசில் எழுந்தவை. மின்சாரம் வந்ததும் எண்ணெய் அடுப்படிக்கு இறங்கியது, ஊர் தாக்குப்பிடித்தது. இப்போது மரங்களே நுனியிலிருந்து கருகுகின்றன. பதினோரு ஆலைகளில் ஓடுவது இரண்டு. அவள் வேலை பார்த்த ஆலை அதில் இல்லை.

புது வேலை எளிது. சந்தேகமான மரத்தில், காய்ந்த கொப்புக்கு அடுத்த பச்சைக் கொப்பில் இலை பறித்து, பையில் எண் எழுதி அரசுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் என்று வந்தால் அந்த மரத்தோடு சுற்றி ஐம்பது மீட்டருக்கு எல்லா ஆலிவும் வேரோடு போகும்.

போன வருடம் அவள் இலை பறிக்க வேண்டிய தோட்டங்களில் சித்தப்பா ஒரோன்ஸோவின் தோட்டமும் வந்தது.

"வாங்க அதிகாரியம்மா! என் எண்ணெயில தொட்டுத் தின்ன ரொட்டி செரிச்சிருச்சா?" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "வடக்குப் பக்கம் ஒரு கொப்பு காஞ்சிருக்கு, அங்க வேணாம்மா. இந்தப் பக்கம் பறிச்சுக்கோ. இதுவும் அதே மரந்தானே" என்றார்.

அவர் காட்டிய பக்கமே பறித்தாள். நோய் இல்லை என்று தாள் வந்தது.

நோயை மரத்துக்கு மரம் சுமப்பது ஒரு குட்டிப் பூச்சி. இந்த வசந்தத்தில் சித்தப்பா தோட்டத்துக்கு எதிரே, சாலைக்கு அப்பால் விதவை மிம்மினாவின் மரங்கள் காய்ந்தன. அறுபத்துமூன்று மரம். இயந்திரம் பிடுங்கிய அன்று மிம்மினா தொனாத்தாவிடம் வந்தாள்.

"எங்கேருந்துடி வந்துச்சு? உனக்குத்தானே தெரியும்."

தொனாத்தா கையிலிருந்த இலைப் பையில் எண் ஒன்றைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

சுற்றுத் தோட்டங்களை மறுபடி பார்க்க உத்தரவு வந்தது. சித்தப்பாவின் தோட்டத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நூத்திநாப்பது மரம்டி. முப்பது உங்கப்பன் நட்டது."

"தெரியும் சித்தப்பா."

"போன வருஷம் எப்படித் தப்புச்சுன்னு உன் மேலதிகாரி கேப்பான். உன் வேலையும் போயிரும்."

"கேக்கட்டும். சொல்லிடுறேன்."

"மிம்மினாகிட்டயுமா?"

ஏணியை வடக்குப் பக்கம் சாய்த்து ஏறினாள். ஏணி ஆடியது. சித்தப்பா பிடிக்கவில்லை. எட்டு இலை பறித்துக்கொண்டு இறங்கினாள்.

சாலைக்கு அப்பால் மிம்மினா மண்வெட்டியால் குழிகளை மூடிக்கொண்டிருந்தாள். பையை வண்டியில் வைத்துவிட்டுத் தொனாத்தா அந்தப் பக்கம் நடந்தாள்.