உறையாத ரத்தம்

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்சாக இருந்தேன். பர்கூர் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மனைவியை வண்டி கட்டி அழைத்து வந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். கை கால் முழுக்க நகக்கீறல். கீழாநெல்லி அரைத்துக் குடித்தும் காமாலை இறங்கவில்லை.

"வலி இருக்கா?" என்றார் டாக்டர்.

"வலியே இல்லீங்க. அரிப்புலதான் உசுரு போவுது."

மலம் என்ன நிறம் என்று கேட்டதற்குக் கூச்சப்பட்டு என் காதில் சொன்னாள்: "வெள்ளக் களிமண்ணாட்டம் இருக்குதுங்க."

டாக்டர் அவள் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பித்தப்பை வழவழவென்று புடைத்திருந்தது. வெளியே வந்ததும் கணவரிடமும் என்னிடமும், "கல்லா இருந்தா வலிச்சிருக்கும். பித்தக்குழாயில புத்துநோய்னுதான் நெனைக்கிறேன். திறந்து பாத்தாத்தான் உறுதி" என்றார்.

ஆனால் உடனே திறக்க முடியாது. பித்தம் குடலுக்கு வராதபோது ரத்தம் உறையும் சக்தி போய்விடும். அதைச் சரிசெய்யும் ஊசி மருந்து பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். காத்திருந்தோம். பல் துலக்கினால் அவள் ஈறில் ரத்தம் கசிந்தது. குளுக்கோஸ் ஏற்றினால் ஊசி குத்திய இடம் கறுத்தது.

கணவர் பொறுமை இழந்துவிட்டார். "சும்மா படுக்க வெச்சே கொன்னுருவீங்களாட்டம் இருக்குது. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று வார்டில் கத்தினார்.

அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். அவர் கையை நீட்டி, "என்னுதையும் எடுங்க, பாக்கறேன்" என்றார். எடுத்தேன். சில நிமிடங்களில் அவருடையது உறைந்து, குழாயைக் கவிழ்த்தும் அசையாமல் நின்றது. அவளுடையது தண்ணீராக ஓடியது. "இப்படியே கத்தி வெச்சா..." என்றவர் போகாமல் அவள் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

மருந்து வந்தது. ஊசி போட்டுப் போட்டுச் சோதித்தோம். ஒருநாள் அவள் ரத்தமும் குழாயில் உறைந்து நின்றது.

ஆபரேஷன் அன்று காலை, வயிற்றைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நர்சம்மா, மறைக்காம சொல்லுங்க. கட்டிதான?"

அவளிடம் சொல்லக் கூடாதென்று கணவர் முன்பே எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கண்களைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்படித்தான் டாக்டர் சந்தேகப்படறாரு. எடுக்க முடியுமான்னு திறந்தாத்தான் தெரியும்."

"செரி. அவருகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. ஒடிஞ்சு போயிருவாரு."

கட்டியை எடுக்க முடியவில்லை. பெரிய ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பித்தப்பையைக் குடலோடு இணைத்து, பித்தத்துக்கு வேறு வழி விட்டார் டாக்டர். சில நாட்களில் மஞ்சள் வடிந்தது. தானே நடந்து போய் வண்டியில் ஏறினாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் கணவர் தனியாக வந்தார். "மவ கல்யாணத்துல பந்தி பூரா நின்னு பரிமாறுனாளுங்க. அதுக்கப்புறந்தான் படுத்தா, எந்திரிக்கலீங்க" என்றார். டாக்டர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வார்டுக்குப் போய்விட்டேன்.